வளைய இடையகத்தின் வரலாறு: மெய்நிகர் பொறிகளில் பகிர்வும் நம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கணினியில் இயங்கும் பல மெய்நிகர் பொறிகள் தம் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பெரும்பாலும் வளைய இடையகம் என்னும் நினைவக அமைப்பின் வழியாகவே நிகழ்த்துகின்றன. இவ்வமைப்பு விரைவுக்கான உத்தியாக மட்டுமே பொதுவாக விளக்கப்படுகிறது. 1965 முதல் 2021 வரையிலான அதன் வளர்ச்சியை வரிசைப்படுத்தும் இக்கட்டுரை, அவ்வரலாற்றை நம்பிக்கையின் வரலாறாகவும் வாசிக்கலாம் என நிறுவ முயல்கிறது. ஒரே நினைவகத்தைப் பகிரும் இரு தரப்பினருள் யார் யாரை நம்பவேண்டும் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலகட்டமும் வெவ்வேறு விடை தந்துள்ளது. வளையத்தின் வடிவம் அதிகம் மாறவில்லை. நம்பிக்கையின் திசையே மாறியுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: வளைய இடையகம், மெய்நிகர் பொறி, ஜென், விர்ட்-ஐ.ஓ., பகிர்நினைவகம், கணினி வரலாறு, கலைச்சொல்.

முன்னுரை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுத் திசை லிங்கங்கள் அதன் வழியில் அமைந்துள்ளன. பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் நடந்தாலும் பாதையின் நீளம் கூடுவதில்லை. அதற்கு இயற்கையான தொடக்கமோ முடிவோ இல்லை. எவர் எங்குத் தொடங்கினாரோ அங்கேயே வந்து சேர்கிறார். எல்லோரும் மலையை வலப்புறம் கொண்டு ஒரே திசையில் நடப்பதால் கூட்டம் மிகுந்தாலும் நடை தடைப்படுவதில்லை.

நீளம் மாறாத பாதை, முடிவில்லாச் சுற்று, ஒரே திசை ஆகிய இம்மூன்று இயல்புகளும் இக்கட்டுரையின் பொருளாகிய வளைய இடையகத்திற்கும் உரியவை. எனினும் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடுகிறது. கிரிவலத்தில் முன்னே செல்பவரின் இடம் காலியாக வேண்டும் என்று பின்னே வருபவர் கணக்கிட வேண்டியதில்லை. வளைய இடையகத்திலோ அக்கணக்கே உயிர்நாடி. அக்கணக்கை எழுதுவது யார், அதை நம்புவது யார் என்பதில்தான் இவ்வமைப்பின் வரலாறு அடங்கியுள்ளது.

இவ்வரலாறு கணினியியலார்க்கு மட்டும் உரியதன்று. கார்த்திகைத் தீபத் திருநாளுக்கான அனுமதிச் சீட்டுகள் இணையவழி வழங்கப்படும் காலம் இது. இத்தகைய சேவைகள் பலவும், இணையவழி ஆய்விதழ்களும் மின்னூலகங்களும் உட்பட, இன்று மெய்நிகர் பொறிகளில் இயங்குகின்றன. ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் கோரும்போது அக்கோரிக்கை வழியில் பல வளையங்களைக் கடந்து செல்கிறது. நம் எழுத்தும் ஆவணமும் கடந்து செல்லும் இடம் எத்தகையது என அறிவது ஆய்வுலகின் கடமையுமாகும்.

1. இடையகம்: சொல்லும் பொருளும்

விரைவில் வேறுபட்ட இரு தரப்பினர் தரவைக் கைமாற்றிக்கொள்ளும்போது, அத்தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகப் பகுதியே இடையகம். ஆங்கிலத்தில் வழங்கும் 'பஃபர்' என்னும் சொல் மோதலின் வேகத்தைத் தாங்கித் தணிக்கும் பொருளைக் குறிப்பது; தொடர்வண்டிப் பெட்டிகளின் முனையிலுள்ள அதிர்வுதாங்கிக்கும் அதுவே பெயர். இப்பொருளைத் தழுவித் தமிழில் 'தாங்கி' போன்ற ஆக்கங்கள் எழுந்தன. 'இடையகம்' என்னும் ஆக்கம் வேறொரு கோணத்தில் அமைந்தது. அது மோதலைச் சுட்டாமல், இருவர்க்கு இடைப்பட்ட இடத்தைச் சுட்டுகிறது.

மெய்நிகர் பொறிகளின் சூழலில் பின்னதே பொருத்தமான சொல் என்பது இக்கட்டுரையின் கருத்து. வளையத்தின் வரலாற்றில் எழுந்த சிக்கல்களுள் விரைவு வேறுபாட்டால் எழுந்தவை எளிதில் தீர்ந்தன. அது இருவர்க்கும் பொதுவான இடமாக இருப்பதால் எழுந்தவையே நெடுங்காலம் தீராமல் நின்றன.

வளையம் என்பது உருவகமே. நினைவகத்தில் இருப்பது வரிசையான கட்டங்கள் மட்டுமே. கடைசிக் கட்டத்தை அடுத்து முதற்கட்டம் வருவதாகக் கணக்கிடுவதால் அவ்வரிசை வளையமாகிறது. எழுதுபவர்க்கு ஓர் எண்ணி, எடுப்பவர்க்கு ஓர் எண்ணி என இரண்டு எண்ணிகள் உள்ளன. 32 கட்டங்கள் கொண்ட வளையத்தில் எழுதுபவரின் எண்ணி 70, எடுப்பவரின் எண்ணி 45 எனக் கொள்வோம். எடுக்கப்படாமல் இருப்பவை 25. காலியாக உள்ளவை 7. அடுத்து எழுதவேண்டிய கட்டம் 70ஐ 32ஆல் வகுத்தபின் எஞ்சும் 6ஆம் எண்ணுக்குரியது. எண்ணிகள் பின்னோக்கிக் குறைக்கப்படுவதில்லை. 32 இருமக் குறிகள் கொண்ட எண்ணி தன் உச்சத்தைத் தொட்டுச் சுழியத்திற்குத் திரும்பினாலும் கழித்தல் கணக்குப் பிழைப்பதில்லை. கட்டங்களின் எண்ணிக்கை 2இன் அடுக்காக இருக்கவேண்டும் என்னும் விதி இதனால் வந்ததாகும்.

2. ஒரே கூரையின் கீழ்: 1965 முதல் 1985 வரை

வரம்புடைய இடையகத்தை இரு நிகழ்முறைகள் பகிர்ந்துகொள்ளும் சிக்கலைத் தெளிவாக வரையறுத்தவர் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1965இல் அவர் எழுதிய, ஒத்துழைக்கும் தொடர் நிகழ்முறைகள் பற்றிய ஆவணம், எழுதுபவரும் எடுப்பவரும் ஒருவர்க்காக ஒருவர் காத்திருக்கும் முறையைச் 'செமஃபோர்' என்னும் கருவியால் விளக்கியது. இடம் நிறைந்தால் எழுதுபவர் காத்திருப்பார்; காலியானால் எடுப்பவர் காத்திருப்பார்.

1977இல் லெஸ்லி லாம்போர்ட் பன்னிகழ்முறை நிரல்களின் சரித்தன்மையை மெய்ப்பிக்கும் வழிகளை ஆராய்ந்தார். எழுதுபவர் ஒருவரும் எடுப்பவர் ஒருவரும் மட்டுமே இருப்பின் பூட்டு ஏதுமின்றியே இடையகத்தைப் பகிரலாம் என்பதை அவ்வாய்வில் வரும் எடுத்துக்காட்டு உணர்த்தியது. ஒவ்வோர் எண்ணியையும் ஒருவர் மட்டுமே எழுதவேண்டும், மற்றவர் வாசிக்க மட்டுமே வேண்டும் என்பதே அதற்குரிய நிபந்தனை. 'தன் கணக்கைத் தானே எழுதுதல்' என இதனைச் சுருக்கிச் சொல்லலாம். பின்வந்த வளையங்கள் பலவற்றின் அடிப்படை இதுவே.

1980களின் நடுவில் இக்கருத்து வன்பொருளுக்குள் நுழைந்தது. ஏஎம்டி நிறுவனத்தின் லான்ஸ் என்னும் ஈதர்நெட் சில்லு, இயக்கியுடன் இரண்டு விவரிப்பு வளையங்களைப் பகிர்ந்துகொண்டது. ஒன்று அனுப்புதற்கு, மற்றொன்று பெறுதற்கு. ஒவ்வொரு வளையத்திலும் 1 முதல் 128 வரை, 2இன் அடுக்காகக் கட்டங்கள் அமையலாம். ஒவ்வொரு கட்டத்திலும் உடைமையைக் குறிக்கும் ஓர் இருமக்குறி இருந்தது. அது 1 எனில் கட்டம் சில்லுக்குரியது. 0 எனில் இயக்கிக்குரியது.

இக்காலகட்டத்தில் நம்பிக்கை என்பது வினாவாகவே எழவில்லை. எழுதுபவரும் எடுப்பவரும் ஒரே இயக்க முறைமையின் பகுதிகள். அல்லது ஒரே உரிமையாளரின் கணினியும் அதில் செருகப்பட்ட அட்டையும். பிழை நேரலாம், வஞ்சம் நேராது என்பது சொல்லப்படாத முற்கோளாக இருந்தது.

3. பாவனைச் சாதனங்களின் சுமை

ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் முறை ஐபிஎம் நிறுவனத்தில் 1960களிலேயே உருப்பெற்றது. 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. விருந்தினர் எனப்படும் மெய்நிகர் பொறி ஒரு சாதனத்தை நாடும்போதெல்லாம், ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருள் இடைமறித்து, அச்செயலைத் தானே நிறைவேற்றித் தந்தது.

1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இம்முறையைத் தனியாள் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதன் மென்பொருள், லான்ஸ் வழிவந்த ஒரு வலையட்டையைப் பாவனை செய்து விருந்தினருக்குக் காட்டியது. விருந்தினரோ தன்னிடம் உண்மையான அட்டை இருப்பதாகவே கொண்டு இயங்கியது. ஜெரமி சுகர்மன், கணேஷ் வெங்கிடாசலம், பெங்-ஹாங் லிம் ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வுரை இவ்வுத்தியின் சுமையை அளந்து காட்டியது. சாதனத்தின் பதிவேட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் செயலி விருந்தினரை விட்டு வெளியேறித் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு பொதியை அனுப்புவதற்கே பல வெளியேற்றங்கள் தேவைப்பட்டன. பொதிகளைச் சேர்த்து ஒருமுறையில் அனுப்புதல், செய்தி வந்திருப்பதைப் பகிர்நினைவகத்தில் ஒரு குறியால் உணர்த்துதல் ஆகியவை அவர்கள் கண்ட தீர்வுகளுள் அடங்கும்.

பாவனைச் சாதனம் மெதுவானது எனினும் பகிரப்படும் இடம் அதில் குறுகியது. விருந்தினரின் ஒவ்வொரு செயலும் மேற்பார்வையாளரின் கண்முன்னே நிகழ்ந்தது. அந்நேரடிக் கண்காணிப்பைத் தளர்த்தினால் விரைவு கூடும். ஆனால் தளர்த்தியபின் காவல் எவ்வாறு அமையும் என்பதே அடுத்த காலகட்டத்தின் வினா.

4. ஜென் அமைத்த வளையம்: 2003

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் உருவான ஜென் என்னும் மேற்பார்வை மென்பொருள் அவ்வினாவுக்கு விடை தந்தது. பால் பர்ஹாம், கெயர் ஃபிரேசர், ஸ்டீவன் ஹேண்ட், இயன் பிராட் உள்ளிட்ட ஒன்பதின்மர் எழுதிய ஆய்வுரை 2003 அக்டோபரில் இயக்க முறைமைகள் பற்றிய கருத்தரங்கில் வெளிவந்தது. தான் மெய்நிகர் பொறியில் இயங்குவதை விருந்தினர் இயக்க முறைமை அறிந்துகொண்டு ஒத்துழைக்கட்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஒத்துழைப்பு வந்தபின் பாவனைக்குத் தேவையில்லை. விருந்தினர் தன் கோரிக்கையை வளையத்தில் எழுதிவிட்டுத் தன் பணியைத் தொடரலாம்.

ஜென் வளையத்தில் எண்ணிகள் நான்கு. கோரிக்கை எழுதுபவரின் எண்ணியும் விடை எழுதுபவரின் எண்ணியும் பகிர்நினைவகத்தில் உள்ளன. கோரிக்கை எடுப்பவரின் எண்ணியும் விடை எடுப்பவரின் எண்ணியும் அவரவர் தனிநினைவகத்தில் உள்ளன. கோரிக்கை எடுக்கப்பட்டுக் காலியான கட்டத்திலேயே விடை எழுதப்படுகிறது. எனவே ஒரே வளையம் இரு திசைக்கும் பயன்படுகிறது. விடைகள் கோரிக்கையின் வரிசையிலேயே வரவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், வட்டு தனக்கு உகந்த வரிசையில் செயற்படலாம்.

தரவு வளையத்தில் எழுதப்படுவதில்லை. அது இருக்கும் பக்கத்தின் குறிப்பே எழுதப்படுகிறது. பின்னர் நிலைபெற்ற வட்டு வளையத்தில் 4096 பைட்டு அளவுள்ள ஒரே பக்கத்தில் 32 கட்டங்கள் அமைந்தன. ஒரு கோரிக்கையில் 11 துண்டுகள் வரை இடம்பெறலாம். ஒரு துண்டு 4 கிலோபைட்டு எனில் ஒரு கோரிக்கை 44 கிலோபைட்டு, வளையம் முழுவதும் 1408 கிலோபைட்டு. ஒரு பக்க அளவே உள்ள பொதுவிடம், தன்னைப்போல் 352 மடங்கு தரவின் போக்குவரத்தை ஆண்டது.

2003இல் சாதன இயக்கிகள் ஜென்னுக்குள்ளேயே இருந்தன. மறு ஆண்டில் அவை தனியொரு மெய்நிகர் பொறிக்கு மாற்றப்பட்டன. விருந்தினரிடம் முன்முனை, இயக்கிகளைக் கொண்ட பொறியிடம் பின்முனை என வளையம் இரு பொறிகளுக்கு இடைப்பட்டதாயிற்று. எந்தப் பக்கத்தைத் தொட இசைவு உண்டு என விருந்தினர் எழுதித் தரும் இசைவுப் பட்டியலும் பின்னர்ச் சேர்ந்தது. பின்முனை நம்பத்தக்கது, விருந்தினர் நம்பத்தகாதவர் என்னும் பிரிவினை இங்கு வெளிப்படையாக அமைந்தது. 2006 ஆகஸ்டில் அமேசான் தன் மேகக் கணிமைச் சேவையை ஜென்னின் மீது தொடங்கியபோது, முன்பின் அறியாத வாடகையாளர் பலர் ஒரே கணினியில் குடியேறினர். அப்பிரிவினை அன்றாடத் தேவையாயிற்று.

5. அறிவிப்பைக் குறைத்தல்

வளையத்தில் எழுதுவது வேறு. எழுதியதை அறிவிப்பது வேறு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அறிவிப்பு அனுப்பினால் பாவனைக் காலத்தின் சுமை திரும்பிவிடும். பொதிகள் பெருகும்போது கணினி குறுக்கீடுகளுக்கு விடையளிப்பதிலேயே காலத்தைச் செலவிட்டு உண்மைப் பணி எதையும் செய்யாமல் போகும் நிலையை ஜெஃப்ரி மோகுலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996இல் ஆராய்ந்தனர். கூட்டம் மிகும்போது குறுக்கீட்டை நிறுத்திவிட்டு, வந்தவற்றைத் தானே சென்று பார்த்தல் அவர்கள் தந்த தீர்வின் சாரம்.

ஜென் இதனை எண்ணியாகவே வளையத்தில் எழுதியது. 'இந்த எண்ணைத் தாண்டும்போது மட்டும் எழுப்புக' என எடுப்பவர் ஒரு வரம்பை எழுதிவைக்கிறார். இங்கு ஒரு நுண்ணிய ஆபத்து உண்டு. எடுப்பவர் வளையம் காலி எனக் கண்டு வரம்பை எழுதுவதற்கு இடைப்பட்ட நொடியில் எழுதுபவர் ஒரு கோரிக்கையைச் சேர்த்துவிடக்கூடும். அக்கோரிக்கை அறிவிப்பின்றிக் கிடந்துவிடும். எனவே வரம்பை எழுதியபின் மீண்டும் ஒருமுறை வளையத்தைப் பார்த்தபிறகே உறங்கவேண்டும் என்பது விதியாயிற்று. கதவைச் சாத்துமுன் வாயிலை இன்னொருமுறை பார்க்கும் வழக்கத்தை இது ஒத்தது.

6. விர்ட்-ஐ.ஓ.: பொதுத்தரமாகிய வளையம்

லினக்ஸ் கர்னலில் 2007 பிப்ரவரியில் கேவிஎம் இணைந்தது. ஜென், கேவிஎம், இன்னும் பிற என ஒவ்வொரு மேற்பார்வை மென்பொருளுக்கும் தனித்தனி இயக்கிகள் எழுதவேண்டிய நிலை ஏற்பட்டது. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் எல்லாவற்றுக்கும் பொதுவான விர்ட்-ஐ.ஓ. என்னும் அமைப்பை உருவாக்கினார். அது 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் இடம்பெற்றது; அதனை விளக்கும் அவருடைய ஆய்வுரை அதே ஆண்டு ஜூலையில் வெளியாயிற்று.

விர்ட்-ஐ.ஓ. வரிசை மூன்று பகுதிகளாலானது. முதலாவது விவரிப்புப் பட்டியல். அதன் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு. இரண்டாவது, 'எடுத்துக்கொள்ளலாம்' என இயக்கி அறிவிக்கும் வளையம். மூன்றாவது, 'முடித்தாயிற்று' எனச் சாதனத்தரப்பு அறிவிக்கும் வளையம். முதலிரண்டையும் இயக்கி மட்டுமே எழுதுகிறது. மூன்றாவதைச் சாதனத்தரப்பு மட்டுமே எழுதுகிறது. லாம்போர்ட்டின் எடுத்துக்காட்டில் எண்ணிகளுக்கு மட்டும் இருந்த 'தன் கணக்கைத் தானே எழுதுதல்' என்னும் நிபந்தனை இங்கு முழு ஏடுகளுக்கும் விரிந்தது.

விர்ட்-ஐ.ஓ. 1.0 ஓயாசிஸ் அமைப்பின் விவரக்குறிப்பாக வெளிவந்தது. 2019இல் வெளிவந்த 1.1 வடிவம் மூன்று பகுதிகளையும் ஒரே வளையமாகச் சுருக்கும் மாற்று அமைப்பையும் தந்தது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் உடைமையைக் காட்டும் குறிகள் மீண்டும் இடம்பெற்றன. லான்ஸ் சில்லின் பழைய வழி முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது எனலாம். அதே 2019இல் யென்ஸ் ஆக்ஸ்போ லினக்ஸில் சேர்த்த ஐஓ-யூரிங் என்னும் வசதி, பயன்பாட்டு நிரலுக்கும் கர்னலுக்கும் இடையிலும் வளையங்களை அமைத்தது.

7. இருமுறை வாசித்தலின் ஆபத்து: 2015

2015 டிசம்பரில் ஜென் திட்டம் தன் 155ஆம் பாதுகாப்பு அறிவிக்கையை வெளியிட்டது. பின்முனை இயக்கிகள் பகிர்நினைவகத்தை வாசிக்கும் முறையில் இருந்த குறையை அது வெளிப்படுத்தியது. எடுத்துக்காட்டாக, ஒரு கோரிக்கையின் துண்டுகள் 11க்கு மிகாதவையா எனப் பின்முனை சோதிப்பதாகக் கொள்வோம். சோதிக்கும்போது அவ்விடத்தில் 11 இருக்கிறது. சோதனை முடிந்து அதே எண்ணைப் பயன்படுத்த மீண்டும் வாசிக்கும் முன், விருந்தினர் அதனை 200 என மாற்றிவிடலாம். சோதிக்கப்பட்டது ஒன்று, செயற்பட்டது வேறொன்று.

நிரலர் ஒருமுறையே வாசிக்குமாறு எழுதியிருந்தாலும், நிரல்மாற்றி அதனை இருமுறை வாசிக்கும் கட்டளைகளாக மாற்றிவிடக்கூடும் என்பது இதில் கருதத்தக்கது. மூலநிரலை எத்துணைக் கவனமாகப் படித்தாலும் இப்பிழை கண்ணுக்குப் புலப்படாது. இதற்குத் தீர்வாகக் கோரிக்கையை முதலில் தன் தனிநினைவகத்தில் படியெடுத்து, அப்படியையே சோதித்து, அப்படியையே பயன்படுத்தும் முறை புகுத்தப்பட்டது. படியெடுத்தலைத் தவிர்ப்பதற்காகவே தோன்றிய பகிர்வு, பாதுகாப்பின் பொருட்டுச் சிறிதளவு படியெடுத்தலை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஒப்புநோக்கிய படியும் அச்சுக்குச் சென்ற படியும் ஒன்றாக இல்லையெனில் ஒப்புநோக்கிய உழைப்பால் பயனில்லை.

8. திசைமாறிய நம்பிக்கை

2016இல் ஏஎம்டி நிறுவனம் மெய்நிகர் பொறியின் நினைவகத்தை மறைகுறியாக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. இன்டெல் நிறுவனமும் பின்னர் இவ்வழியில் வந்தது. இவற்றின் நோக்கம் விருந்தினரை ஹைப்பர்வைசரிடமிருந்து காப்பது. அதுவரை காவலராக இருந்தவரே இப்போது ஐயத்திற்குரியவரானார்.

இம்மாற்றம் வளையத்தை நேரடியாகத் தாக்கியது. மறைகுறியாக்கப்பட்ட நினைவகத்தைச் சாதனத்தரப்பு வாசிக்க இயலாது. எனவே மறைகுறியின்றித் திறந்துவைக்கப்பட்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டு, தரவு அங்குப் படியெடுக்கப்பட்டு, அங்கிருந்தே வளையம் இயங்குகிறது. விருந்தினரின் இயக்கிகளும் புதிய ஐயத்தைக் கற்கவேண்டியிருந்தது. சாதனத்தரப்பு எழுதும் நீளம் பொய்யாக இருக்கலாம். முடித்ததாகச் சொல்லும் அடையாள எண் கேட்கப்படாததாக இருக்கலாம். லினக்ஸிலுள்ள ஜென் முன்முனை இயக்கிகளும் விர்ட்-ஐ.ஓ. இயக்கிகளும் 2021 அளவில் இவ்வாறான சோதனைகளைப் பெற்றன. 2015இல் பின்முனை முன்முனையை ஐயுறக் கற்றது. ஆறாண்டுகளில் முன்முனை பின்முனையை ஐயுறக் கற்றது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, டெய்க்ஸ்ட்ரா காலத்து இடையகத்திற்கும் இன்றைய வளையத்திற்கும் வடிவ வேறுபாடு சிறிதே. கட்டங்கள், எண்ணிகள், உடைமைக் குறிகள் என்னும் உறுப்புகளே மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது நம்பிக்கையின் திசை: ஐயமே இல்லாத நிலை, விருந்தினரை ஐயுறும் நிலை, இருவரும் ஒருவரையொருவர் ஐயுறும் நிலை என அது நகர்ந்துள்ளது. மூன்றாவது, ஐயம் பகிர்வை ஒழிக்கவில்லை. எவர் எதை எழுதலாம் என்னும் வரையறை தெளிவானபோது, நம்பாத இருவரும் ஒரே இடத்தைப் பகிர முடிந்தது.

தமிழில் கணினிக் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. ஒரு கருவி தோன்றிய காலத்துப் பொருளை மட்டும் பெயர்த்தால், அதன் பிற்காலப் பொருள் சொல்லுக்கு வெளியே நின்றுவிடும். அதிர்வைத் தாங்குவது இக்கருவியின் தொடக்கப் பணி. இருவர்க்கிடையே நிற்பது அதன் நிலைத்த பணி. 'இடையகம்' என்னும் சொல் அந்நிலைத்த பணியைச் சுட்டுவதால், 'வளைய இடையகம்' என்னும் தொடரைப் பொதுவழக்காகக் கொள்ளலாம் என இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.